பதினெட்டுக் கைநாட்டும் என் ஒரு சொல்லும்

என் ஆசை அம்மாவுக்கு,

அடுத்த மாதம் உனக்கு முதல் திதி. அப்பா இப்போதே வாழையிலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். வசந்தி உன் புடவைகளில் மருந்துக் கறை படாத ஒன்றைத் தேடி எடுத்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். கறை படாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதத் தெரிந்தவள் என்றுதானே என்னை வளர்த்தாய், அதனால் எழுதுகிறேன்.

இதை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நம் வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று நீ கேட்கமாட்டாய். ஊர் விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நீதானே.

படிப்பவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே அப்பா குலை வெட்டினார், நீ மருந்தடித்தாய். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்துகொண்டு, மரத்தடிப் புல்லெல்லாம் கருகும்படி அடிக்கும் வேலை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. வசந்திக்கு எட்டு வயது. லயம் என்ற அந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு நமது. அதற்கு முந்தின வீடு பாக்கியம் சின்னம்மாவுடையது.

பாக்கியம் உன் கூடப் பிறந்தவள் இல்லை. ஆனாலும் உன் தட்டில் பாதி அவள் சாப்பிட்டது. புருஷன் செத்து, இடுப்பில் மூன்று வயதுப் பெண்ணோடு நின்றவளை நீதான் மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்டாய். அந்தக் குழந்தை கமலாவை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்காட்டுக்குப் போவீர்கள்.

அந்தக் கொட்டகையில்தான் எல்லாம் தொடங்கியது. பின்னால் ஓடிய கால்வாய் அடைத்துக்கொண்டு நாறியது. பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் வயிற்றுப்போக்கு. ஆபீசில் மூன்று தடவை சொன்னாய். நான்காவது தடவை சொல்லப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் எங்கள் மூவரையும் பார்த்து, “அவங்க செய்யலன்னா நாம செய்வோம். நாலு பேரு இருக்கோம்ல,” என்றாய்.

அப்பா மண்வெட்டியை எடுத்தார். எனக்கு வாளி. வசந்திக்கு அவளைவிட உயரமான துடைப்பம். முழங்கால் சேற்றில் நாம் நால்வரும் நின்றதை லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. “ஞாயித்துக்கெழம கூடவா இவளுக்கு வேலப் பைத்தியம்?” என்று யாரோ சிரித்தது உன் காதில் விழுந்தது. நீ திரும்பவில்லை. மூன்றாவது வாரம் பாக்கியம் வந்தாள். ஆறாவது வாரம் பத்துக் குடும்பங்கள், பிள்ளைகுட்டிகளோடு.

பிள்ளைகளை நீ சும்மா விடவில்லை. கொசுப்புழு இருக்கும் டின்களை எண்ண இரண்டு பேர். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்க்க இரண்டு பேர். சாயங்காலம் எல்லாரும் கூடியதும் பிள்ளைகள்தான் எழுந்து நின்று சொல்லவேண்டும். பெரியவர்கள் குறுக்கே பேசக்கூடாது. “புள்ளைங்க வாயத் தொறந்து சொல்லட்டும். நாளைக்கு நம்மள மாதிரி தலையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது லா,” என்பாய்.

மானேஜர் வந்து பார்த்தார். என் தலையைத் தட்டிக் கொடுத்தார். பிஸ்கட் டின் ஒன்று வந்தது. பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரட்டில் எல்லார் முன்னாலும் நம்மை “மாதிரிக் குடும்பம்” என்று சொன்னார். அன்று நீ வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். சாக்கடை அள்ளும் வரைக்கும் நாம் மாதிரிக் குடும்பம். இது அப்போது நம் யாருக்கும் புரியவில்லை.

அம்மா, மருந்து விஷயத்தை முதலில் எழுப்பியது நீ இல்லை. நான். மறந்திருக்கமாட்டாய். உன் விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்ற சமயம். பாக்கியத்துக்குப் பெரட்டில் நிற்கும்போதே மூக்கில் ரத்தம் வரும். வேலை முடிந்து வந்து அதே கையால் கமலாவைத் தூக்குவாள். ஒரு ஞாயிறு என் முறை வந்தபோது நான் எழுந்து, “மருந்து கலக்குற கொட்டாயில தண்ணிக் கொழா இல்ல. அம்மாங்கள்லாம் கை கழுவாம சோறு சாப்புடுறாங்க,” என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“எழுதுடி,” என்றாய்.

மலாய் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டணத்துத் தொழிலாளர் இலாகாவுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கேட்டது மூன்றே மூன்று. கொட்டகைப் பக்கத்தில் ஒரு குழாய். சோப்பு. கைக்கு ரப்பர் உறை. பிறகு மூன்று ஞாயிறு நால்வரும் வீடு வீடாகப் போனோம். அப்பா கதவைத் தட்டுவார், நீ விஷயத்தைச் சொல்வாய், நான் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டுவேன், வசந்தி மைப்பெட்டியை நீட்டுவாள். வரிக்கு வரி படித்தேன் அம்மா. யாருக்கும் எதையும் மறைக்கவில்லை. “மொத கைநாட்டு என்னோடதா இருக்கட்டும்,” என்று பாக்கியம்தான் விரலை நீட்டினாள். உன்னையும் சேர்த்துப் பதினெட்டு.

ஒரு மாதம் கழித்துப் பட்டணத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். பள்ளிச் சீருடையோடு என்னை ஆபீசுக்கு அழைத்துப் போனாய். அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ உள்ளே போனதும் பெரிய கிராணி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார். அங்கே என்ன நடந்தது என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. இன்று சொல்கிறேன்.

“இங்க பாரும்மா மல்லிகா, நீ கெட்டிக்காரப் புள்ள,” என்றார். “பாக்கியம் உள்ள வந்து, கோயில் விஷயம்னு நெனச்சிக் கைநாட்டு வெச்சேன்னு சொல்லப் போறா. ஒன்னயும் கேப்பாங்க. நீ இல்லேன்னு சொன்னா என்னா ஆகும்? பாக்கியம் பொய் சொன்னவளாயிடுவா. வேல போகும். வேல போனா வீடு போகும். கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ எங்க போவா?”

“அம்மாவக் கேக்கணும்.”

“அம்மா உள்ள இருக்காங்க, இப்பப் பேசக் கூடாது. நீ ஆமான்னு சொல்லிட்டா ஒன்னுமே இல்ல லா. சின்னப் புள்ள தெரியாமச் சொல்லிடுச்சின்னு விட்டுடுவாங்க. ஒங்கம்மாவுக்கும் ஒன்னும் ஆகாது. நான் இருக்கேன்ல.”

அவர் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது. அந்த ஆரஞ்சுத் தண்ணீரை நான் முழுக்கக் குடித்தேன்.

உள்ளே நீ சுவரோரம் நின்றிருந்தாய். பாக்கியத்தை முதலில் கூப்பிட்டார்கள். அவள் உன்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். “கோயில் திருவிழாவுக்குப் பேரு எழுதுறாங்கன்னு நெனச்சித்தான் வெச்சேங்க ஐயா. இந்தப் புள்ளதான் அப்படிப் படிச்சிக் காட்டுச்சி.” அடுத்து வந்த நான்கு பேர் அதையே சொன்னார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அதுவும் அதே பதில்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மிரட்டவில்லை. கோயிலுக்கு என்று சொன்னாயா என்று மலாயில் கேட்டார்.

“யா, துவான்,” என்றேன். ஆமாம் ஐயா, என்று.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அப்படிச் சொல்லச் சொன்னது யார்? அதற்கு என்ன சொல்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரிய கிராணியைப் பார்த்தேன். அவர் கூரைக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி உன்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அப்போதுதான் நீ பேசினாய். “அது சின்னப் புள்ள ஐயா, பயந்துருக்கு. அது எழுதுனது அத்தனையும் நெசம்.” பெரிய கிராணி அதை மலாயில் எப்படிச் சொன்னார் தெரியுமா? சிறுபிள்ளையை வைத்து எழுதியது நிஜம்தான் என்று இந்த அம்மாள் ஒப்புக்கொள்கிறாள், என்றார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும். நான் பேசாமல் நின்றேன், அம்மா. முதலில் சொன்ன பொய்யையாவது சின்னப்பிள்ளை பயத்தில் சொன்னது என்று தள்ளிவிடலாம். இந்த மௌனத்தை என்ன செய்வது? அவர் மாற்றிச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தொழிலாளர்களை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியவள் என்று உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்பாவுக்கும் வேறு ஏதோ காரணம் சொல்லி வேலைநீக்கச் சீட்டு வந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

அன்று ஆபீசிலிருந்து லயத்துக்கு நடந்து வந்தோமே, அந்த வழி முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும், “நல்லா மலாய் பேசுன,” என்றாய். அவ்வளவுதான். அடித்திருக்கலாம் நீ. வாயில் சூடு வைத்திருக்கலாம். அப்பா குறுக்கே வந்து, “விடு, புள்ளதானே,” என்றார். “நான் ஒன்னுமே சொல்லலியே,” என்று உள்ளே போய்விட்டாய்.

ஈஜோக்கில் ஒருவருடைய செம்பனைக் காணியில் பலகை வீடு கிடைத்தது. நீ மறுபடியும் மருந்தடிக்கத்தான் போனாய். இந்தத் தடவை குத்தகைக்காரனிடம். மருந்து கலக்கக் கொட்டகைகூடக் கிடையாது, வாய்க்கால் தண்ணீர்தான். இவ்வளவு பட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளை நீ விடவில்லை. அங்கிருந்த பாலர் பள்ளியைக் கூட்ட, சுடுகாட்டுப் பாதையில் புல் வெட்ட என்று கிளம்பிவிடுவாய். அப்பாவையும் வசந்தியையும் கூப்பிடுவாய். நானும் கிளம்பி நிற்பேன்.

“நீ படி,” என்பாய்.

இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு தொடங்கி ஐந்தாம் படிவம் முடியும் வரைக்கும் “நீ படி”. அக்கம்பக்கத்தில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். படிக்கிற பிள்ளைமேல் எவ்வளவு அக்கறை பார், ஒரு வேலை வாங்குவதில்லை என்று. வசந்தி பொறாமைப்பட்டாள். அது தண்டனை என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு ஒழுங்காக ஒரு வரி மலாய் எழுத வராது, ஆனாலும் கடிதம் என்றால் அவளைத்தான் எழுதச் சொல்வாய். தப்பும் தவறுமாக அவள் எழுதுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். திருத்திக் கொடுக்கட்டுமா என்று கேட்கும் தைரியம் கடைசிவரை வரவில்லை.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் பாய் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? “அக்கா, ஒங்க பழைய தோட்டத்துல மருந்துக் கொட்டாய்க்குக் கொழா போட்டுட்டாங்க. மானேஜர் பேரு போட்டுக் கல்லு வெச்சிருக்காங்க. ஸ்கூல் புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சி மாலையெல்லாம் போட்டாங்க லா.” எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ ரொட்டியை வாங்கிக்கொண்டே, “தண்ணி வருதா?” என்று கேட்டாய்.

“வருதுக்கா.”

“அப்பச் சரி,” என்று உள்ளே போனாய்.

உன்னை நான் வெறுத்த நாட்கள் உண்டு. அதிகம் வெறுத்தது அன்றுதான். உன்னால் அவர்கள் எல்லாரையும் விட முடிந்தது. குழாய் வந்ததும் மறந்தாய். என்னை மட்டும் ஏன் விட முடியவில்லை?

ஆஸ்பத்திரியில் உன் நுரையீரல் கெட்டிப்பட்டுப்போய், மூச்சு விடவே நீ வேலை செய்யவேண்டியிருந்தது. அந்தக் கடைசி வாரத்தில், அப்பா கோப்பி வாங்கப் போயிருந்தபோது, ஏழு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன். “அம்மா, எம்மேல இன்னும் கோவமாம்மா?” நீ கண்ணைத் திறந்தாய். என்னைத்தான் பார்த்தாய். “வசந்தி வந்துட்டாளா?” என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் பேசவில்லை.

பதில் சொல்ல மூச்சு இல்லையா, மனம் இல்லையா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் சாவுக்குப் பாக்கியம் வந்தாள். மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக ஒப்பாரி வைத்தாள். அவளைப் போகச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். “சாவுக்கு வந்தவங்களப் போகச் சொல்லக் கூடாது,” என்றார். உன் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் எனக்கு வரவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கோலா சிலாங்கூரில் ஒரு வழக்கறிஞர் ஆபீசில் நான் தட்டச்சு வேலை பார்க்கிறேன். தொண்ணூறு பிறக்க இன்னும் சில மாதம்தான். நீ போய் நான்கு மாதம் ஆனபோது ஒரு காலை பாக்கியம் அங்கே வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டி வந்தது கமலா. ஆமாம், அந்த இடுப்புக் குழந்தை. பதினொரு வயது, இரட்டைச் சடை. தோம்பின் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து பாக்கியத்தின் கண்ணில் அடித்திருக்கிறது. இடது கண் வெள்ளையாக மூடிவிட்டது, வலதிலும் மங்கலாகத்தான் தெரிகிறது. வேறு இலேசான வேலை கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள், கடிதம் எழுதிக் கொடு என்றாள்.

அன்று நான் செய்ததை நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ. ஆபீசில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டேன். “எழுதறேன். அதுக்கு முன்னால, அன்னிக்கு எங்கம்மாவப் பத்தி என்னா சொன்னீங்க? அத இங்க சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.”

“வேணாம் மல்லிகா. புள்ள நிக்குது.”

“எங்கம்மா முன்னால நானுந்தான் நின்னேன்.”

சொன்னாள். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வழிய, ஒன்று விடாமல் சொன்னாள். பொய் என்று தெரிந்தே சொன்னேன், உன்மேல் பழியைப் போட்டேன் மல்லிகா, என்றாள். எனக்கு இனித்தது, அம்மா. எட்டு வருடம் காத்திருந்து சாப்பிட்ட சோறு மாதிரி இனித்தது. பிறகு கமலாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் அம்மாவின் கையை விட்டிருந்தாள். கண் தெரியாதவளின் கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. எழுந்து பின்னால் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்ததும் பாக்கியம் சொன்னாள்.

“ஒங்கம்மா ஒங்கிட்டச் சொல்லலியா? விசாரணைக்கு மொத நாளு சாயங்காலமே நான் வந்து அவகிட்டச் சொல்லிட்டேன். எங்களால முடியாது, வீடு போயிடும், நாங்க மாத்தித்தான் சொல்லப் போறோம், கடுதாசியத் திருப்பி வாங்கிக்கன்னு கையப் புடிச்சிக் கெஞ்சினேன். அவ என்னா சொன்னா தெரியுமா? ‘நீங்க மாத்துங்க பாக்கியம், எனக்கு வருத்தமில்ல. எம்மவ மாத்த மாட்டா. அவ ஒருத்தி சொன்னாப் போதும்’னு சொன்னா.”

அம்மா, இது என்ன நியாயம்?

முந்தின நாளே உனக்குத் தெரியும். பதினேழு பெரியவர்கள் கழன்றுகொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்தே, அத்தனை பேர் சுமையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையில் ஏற்றினாய். ஏற்றியதை அவளிடம் சொல்லவும் இல்லை. காலையில் தலை பின்னி, ரிப்பன் கட்டி, “கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்,” என்று அனுப்பிவைத்தாய். சொல்லியிருந்தால் அந்த வராந்தாவில் எனக்கு விழிப்பு இருந்திருக்குமா? இல்லை, அப்போதும் நான் பயந்து ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருப்பேனா? இதற்கு விடை இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

இவ்வளவு நாள், என் தப்பைத்தான் நீ மன்னிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். உன் கணக்கு தப்பிப்போனதை உன்னாலேயே தாங்க முடியவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு நம்பினாயா என்னை? அதை ஒரு தடவை, உயிரோடு இருந்தபோது, வாய்விட்டுச் சொல்லக்கூடாதா?

கடிதம் எழுதினேன். பாக்கியத்துக்கு மட்டும் எழுதவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இப்போதெல்லாம் அவருக்கு முதுகு நிமிர்வதில்லை. வசந்தியும் கூடக் கிளம்பினாள். மூவரும் பஸ் பிடித்துப் பழைய தோட்டத்துக்குப் போனோம். சில கதவுகள் நம்மைப் பார்த்ததும் மூடிக்கொண்டன. “ஒங்கம்மாவத் தின்னது பத்தலியா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணுக்கு வைத்தியம், முகத்துக்கு மறைப்பு, நோய் வந்தவர்களுக்கு வேறு வேலை. கமலா எங்கள் பின்னாலேயே வந்தாள். அவள்தான் ஒவ்வொரு வீட்டிலும் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். திணறாமல் படிக்கிறாள்.

விசாரணை போன மாதம் நடந்தது. அதே ஆபீஸ், வேறு மானேஜர், வேறு அதிகாரி. பெரிய கிராணி மட்டும் அவரேதான், தலை வெளுத்து. கமலாவை உள்ளே அழைத்தார்கள். நான் வாசலில் கையை நீட்டித் தடுத்து, இந்தப் பிள்ளை வரமாட்டாள், எழுதியவள் நான், என்னைக் கேளுங்கள் என்றேன். அப்பா அவளை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே போய் முதல் வேலையாக அதைச் சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் நான் பொய் சொன்னேன், என் அம்மா யாரையும் ஏமாற்றவில்லை, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னேன். புதிய அதிகாரி கோப்பைப் புரட்டினார். அப்படி எந்த விசாரணையும் இதில் இல்லையே என்றார். உன் பெயரே இல்லை, அம்மா. நம்மைத் தெருவில் நிறுத்திய காகிதத்தைக்கூட அவர்கள் பத்திரமாக வைத்திருக்கவில்லை. பெரிய கிராணி குனிந்து, “பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா?” என்று தமிழில் மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதை அப்படியே மலாயில் அதிகாரிக்குச் சொன்னேன். அதன் பிறகு அன்று முழுக்க அவர் மொழிபெயர்க்கவில்லை. நான்தான் செய்தேன்.

பதினொரு பேரில் ஐந்து பேர் மாற்றிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். ஆறு பேர் நின்றார்கள். பாக்கியம் நின்றாள்.

ஜெயித்தோமா என்று கேட்காதே. தீர்ப்பு இன்னும் வரவில்லை. பாக்கியத்துக்கு மட்டும் சீட்டு உடனே வந்துவிட்டது, கண் தெரியாதவளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்று. வீட்டைக் காலி பண்ண ஒரு மாதம். போக இடம் இல்லை. அப்பா என்னைக் கேட்கவில்லை, வசந்தியையும் கேட்கவில்லை. போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவள் இப்போது ஈஜோக்கில் நம் வீட்டில் இருக்கிறாள். உன் இடத்தில் உன் பாயில் படுக்கிறாள். அவளை நான் மன்னிக்கவில்லை, அம்மா. சோறு போடுகிறேன். கண்ணுக்கு மருந்து ஊற்றுகிறேன். சில நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பைக் கூட்டிப் போடுகிறேன். பேசாமல் சாப்பிடுகிறாள். அதைப் பார்க்கும்போது, நான் உன் மகள்தான் என்பது தெரிகிறது.

கமலா மெல்ல மெல்ல அவள் அம்மாவோடு பேசத் தொடங்கியிருக்கிறாள். நேற்று என்னிடம், “அக்கா, அடுத்த தடவ நானும் உள்ள வரட்டுமா?” என்றாள். வேண்டாம், நீ படி என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ செய்த வேலையை நான் செய்வேன், நீ செய்த விதத்தில் செய்யமாட்டேன். அந்தப் பிள்ளை உள்ளே வர விரும்பினால் வரட்டும். ஆனால் அதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். யார் மாற்றிச் சொல்லப்போகிறார்கள், எதை இழக்க நேரும், வராந்தாவில் யார் வந்து கனிவாகப் பேசுவார்கள், எல்லாவற்றையும். அவள் பக்கத்திலேயே நிற்பேன். பயந்துபோய் அவள் தப்பாக ஒரு சொல் சொல்லிவிட்டாலும், வீடு வந்து சேரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க அவளோடு பேசிக்கொண்டே வருவேன்.

இப்படிக்கு,
அன்று மாற்றிச் சொன்ன உன் மூத்த மகள்,
மல்லிகா